யார் வீட்டுப் பூனை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். சட்டைப் பொத்தான் தைத்துத் தரவும் மதியச் சாப்பாட்டில் பாதியைப் பங்கு வைக்கவும் அங்கே ஆள் இருக்கும்போது நலத்துக்கு என்ன குறை? கப்பல் பழுதுபார்க்கும் வேலையை இன்னும் ஆறு மாதம் நீட்டித்துக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். முதலில் உங்கள் பூனையின் கதையைக் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், நம் பூனை குண்டு வந்துபோவதற்காகச் சமையலறைப் பின்கதவின் அடியில் ஓட்டை போட்டு ஒரு ஆடும் கதவு பொருத்திவிட்டுப் போனீர்கள் அல்லவா? அதன் வழியாக ஊரான் வீட்டுப் பூனை ஒன்று வரத் தொடங்கிவிட்டது. சாம்பல் நிறம், கிழிந்த காது, முகத்தில் வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்தால் குண்டுவின் தட்டு துடைத்து வைத்ததுபோல் காலி. அது போகட்டும். ஒருநாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். படுக்கையறைக்குள் போனால், உங்கள் பக்கத்துத் தலையணையில் சுருண்டு படுத்திருக்கிறது! துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவரை துரத்தினேன். அந்தத் தலையணை உறையை நீங்கள் போனதிலிருந்து நான் துவைக்கவே இல்லை. அன்று துவைக்க வேண்டியதாகிவிட்டது. அதற்காக அந்தப் பூனையை என்னால் மன்னிக்க முடியாது.

தட்டை அலமாரிமேல் வைத்துப் பார்த்தேன். சாம்பல் பூனை ஏறிவிட்டது, குண்டுவால்தான் ஏற முடியவில்லை. உங்கள் பழைய பெட்டியை ஓட்டைக்கு முட்டுக் கொடுத்தேன். வெளியே மாட்டிக்கொண்ட குண்டு மழையில் நனைந்து, அக்கம்பக்கம் எழுந்து வரும்படி கத்தித் தீர்த்தது. கடைசியில் பிராணிகளுக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் காந்தக் கதவு என்று ஒன்று கொடுத்தார். பூனையின் கழுத்துப்பட்டையில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும், அது கிட்டே வந்தால்தான் தாழ் விலகும். "இதப் போட்டீங்கன்னா வேற பூனை எட்டிக்கூடப் பாக்காதும்மா" என்று அடித்துச் சொன்னார். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்குகிற குட்டி ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு நானே பொருத்தினேன். விரல் கொப்பளித்துவிட்டது.

மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன், டக்கென்று தாழ் விலகுகிறது, சாம்பல் மகராசன் நுழைகிறார். கழுத்தில் புதுப் பட்டை, பட்டையில் அதே காந்தம்! யாரோ வேண்டுமென்றே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. அதன் பின்னாலேயே போனேன். பின்தெருவில் தனியாகக் குடியிருக்கிறாரே நீச்சல் டீச்சர், அவர் வீட்டில் போய் நின்றது. சண்டைக்கு வாயைத் திறக்கிறேன், கண் அவர் கதவின் அடியில் போகிறது. அங்கேயும் ஒரு காந்தக் கதவு. அதே கடையில் வாங்கியது. "ஒரு குண்டுப் பூனை தினமும் வந்து எங்க வீட்ல சாப்பிட்டுட்டுப் போகுதுங்க, அத நிறுத்தத்தான் வாங்கினேன்" என்றார். எல்லாக் காந்தமும் ஒரே காந்தம்தான் என்று கடைக்காரர் எங்கள் இருவரிடமும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. என் வீட்டுச் சாவியை அவர் பூனைக்கும், அவர் வீட்டுச் சாவியை என் பூனைக்கும் நாங்களே கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறோம்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சோபாவில் குண்டு, மல்லாந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு. என்னிடம் ஒருநாளும் வயிற்றைக் காட்டியதில்லை. குண்டு என்று கூப்பிட்டேன். ஒரு காது மட்டும் திரும்பியது. அவர் "பட்டு" என்றார், உடனே எழுந்து போய் அவர் காலில் உரசியது. மூன்று வருஷமாக நான் முள் எடுத்து மீன் போடுகிறேன், அங்கே போய்ப் பட்டாம்! எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவும் இல்லை. அள்ளித் தூக்கிக்கொண்டு வந்தேன். முழங்கையில் கீறல் இன்னும் ஆறவில்லை. "வந்துட்டுப் போகட்டுமே, ரெண்டு வாய் சாப்பாடுதானே" என்று வாசல்வரை வந்து சொன்னார். நல்ல மனுஷிதான். அதனாலேயே ஆத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது.

பிறகு டாக்டரிடம் கொண்டுபோய், குண்டுவின் தோலுக்கடியில் ஒரு சிப் வைத்து, அந்தச் சிப்புக்கு மட்டும் திறக்கிற கதவு வாங்கிப் போட்டேன். சாம்பல் இப்போது வருவதில்லை. ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலையில் வெளியே போகிற குண்டு மாலையில்தான் திரும்புகிறது, வயிறு நிறைந்து. அது வெளியே போகாதபடி பூட்டவும் அந்தக் கதவில் ஒரு பொத்தான் இருக்கிறது. இரண்டு நாள் அழுத்தி வைத்தேன். தட்டைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பாமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் திறந்துவிட்டேன்.

இனி உங்கள் விஷயம். உங்கள் கடிதங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் "முதலுதவி அறை நர்ஸ்". மூன்றாவதில் வெறும் "நர்ஸ்". கடைசிக் கடிதத்தில் "அவங்க". அவங்க கொண்டுவந்த சாப்பாடு, அவங்க சொன்ன ஜோக். நம் வீட்டில் பேர் சொல்லாமல் "அவங்க" என்று நான் சொன்னால் அது நீங்கள். அந்தச் சொல்லை இன்னொருத்திக்கு எடுத்துக் கொடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்த நர்ஸும் நல்ல மனுஷியாகத்தான் இருப்பார். பூனையிடம் கேட்டால் பதில் வராது, உங்களிடம் கேட்கலாம். வெறும் சாப்பாடுதானா?

கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வரியை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டு மூன்றாம் முறை எழுதுகிறேன். உங்களை இழுத்து வந்து உட்கார வைத்து, நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் தாங்க முடியாது. அந்தப் பயமும் இருக்கிறது. இருந்தாலும் போடாதீர்கள். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுங்கள்.

சாரத்தில் ஏறும்போது கவனம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் வீடு வந்து சேர வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. கிளம்புகிற அன்று யார் எதைக் கட்டிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பசியோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி