நம் அணி எடுக்காத பையன்

கம்பெனி பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது மாம்பழக்கூழ் ஆலைகளின் வாடை ஜன்னல் வழியே வந்தது. பாதி இனிப்பு, பாதி அழுகல். உனக்குக் குமட்டும். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏ குள்ளி, டிராஃப்ட் வந்துடுச்சுடி" என்பாய். இந்த வாடை அடிக்கும் நாட்களில்தான் அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். நமக்கு அது முதல் ஷிஃப்டுக்குப் போகும் விடியற்காலை. ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு சூளகிரி வரை பார்ப்போம். இன்று இரண்டும் என் காதில்தான் இருந்தன.

நம் அணி தோற்பதற்கென்றே பிறந்தது. "ஜெயிக்கிற டீமா பாத்துத் தொலையேன்டி" என்று நான் கத்துவேன். நீ மசியமாட்டாய். கடைசியில் கிடக்கும் அணிகளுக்குத்தான் முன்னால் ஆள் எடுக்கும் வாய்ப்பு என்ற விதியில் உனக்கு அப்படியொரு மயக்கம். "தோத்தவனுக்கு மொதல்ல எல போடறாங்கடி. நம்மூர்ல எங்கனா நடக்குமா?" என்று கேட்பாய்.

போன வருடம் போனில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் ஒன்றில் ஒரு பையனைக் காட்டினாய். ஒல்லி, நெட்டை, முழங்காலைத் தொடும் கைகள். "இவன்தான்டி நமக்கு. எழுதி வெச்சுக்கோ." அவன் கைகளைப் பார்த்து உன் கைகளையும் நீட்டிப் பார்த்துக்கொண்டாய். முன் சீட்டு அக்கா தலையில் இடித்து வசவு வாங்கினாய்.

பள்ளி டீமில் உன்னை எடுத்ததும் அந்தக் கைகளுக்காகத்தானே. பி.டி. சார் உன்னைச் சுவரோடு நிற்கவைத்து, கைகளை விரிக்கச் சொல்லி, சாக்பீஸால் கோடு போட்டு டேப்பால் அளந்தார். உயரத்தைவிடக் கை நீளம். சார் விசிலே அடித்துவிட்டார். "பந்தத் தொடறதுக்கு முன்னாடியே என்ன எடுத்துட்டாங்க" என்று பீற்றிக்கொள்வாய். என்னைக் கடைசியில், போனால் போகிறதென்று சேர்த்தார்கள். ஃபேக்டரியிலும் அதே கதை. ஸ்டூல் இல்லாமல் மேல் ரேக்கை எட்டுகிறாய் என்று அங்கேயே நிறுத்தினார்கள். எல்லாரும் உன்னை அளந்தார்கள். அளந்து எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் மழைக்காலத்தில் தோள்பட்டைகளுக்கு நடுவே வலி என்றாய். "வுடுடி, கேஸுதான். பூண்டு சுட்டுத் தின்னா போயிடும்." ஷிஃப்டு நடுவில் ரேக்கடியில் சுருண்டு விழுந்தாய். பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை உயிர் இருந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது என்றார்கள். எல்லாம் முடிந்தபிறகு டாக்டர் உன் கையைத் தூக்கி, விரல்களைப் பார்த்தார். இவ்வளவு நீளக் கையும் இந்த உடல்வாகும் உள்ள சிலருக்கு அந்தக் குழாய் பலவீனமாக இருக்கும், சின்ன வயதிலேயே இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லி யாருமே சொல்லவில்லையா என்று கன்னடத்தில் கேட்டார். உன் அம்மா கர்நாடக எல்லையோரப் பேரிகைக்காரி, கன்னடம் நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

இன்றைய கதைக்கு வருகிறேன். நீ காட்டிய பையனைத்தான் நம் அணி எடுக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. போன வாரம் செய்தி வந்தது. எடுப்பதற்குமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனையில் அவன் இதயத்திலும் கோளாறு, உன்னுடையதைப் போலவேதான். இன்று நம் முறை வந்தபோது வேறொரு குட்டைப் பையனின் பேரை வாசித்தார்கள். ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் ஒரே வசை. பயந்தாங்கொள்ளி நிர்வாகம், மருந்து கொடுத்து ஆடவிட்டால் என்ன, ஒரு வருடத் தோல்வியும் வீண்.

எல்லா வருடமும் முதல் வசை என்னுடையதாகத்தான் இருக்கும், உனக்குத் தெரியும். இன்று விரல் எழவில்லை. கேமரா அந்தப் பையனைக் காட்டியது. புது கோட்டு போட்டுக்கொண்டு, அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லையடி. பொறாமைதான் வந்தது. அழுதுவிட்டு அம்மாவோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். அவனையும் டேப் வைத்துத்தான் அளந்தார்கள். ஆனால் நெஞ்சையும் பார்த்தார்கள். உன்னை எடுத்தவர்கள் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இந்த ஜென்மத்தில் தீராது.

குருபரப்பள்ளியில் ஒரு பெண் ஏறி உன் சீட்டில் உட்கார்ந்தாள். தேனிப் பக்கம், புதிதாகச் சேர்ந்தவள். கால் நீட்ட இடமில்லாமல் முழங்காலை மடக்கிக்கொண்டாள். உன் ரேக்கில்தான் போட்டிருக்கிறார்களாம். கையை நீட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

"எங்கூர்ல பனமரம்னுதேன் கூப்பிடுவாக."

"நெஞ்ச எப்பவாச்சும் டாக்டர்கிட்ட காட்டிருக்கியாடி?"

"எனக்கென்னக்கா கேடு? நல்லாத்தேன இருக்கேன்."

நீயும் இதைத்தான் சொல்லியிருப்பாய். அவளுக்கு ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு இயர்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தால், இந்தக் குள்ளி அவளை இழுத்துக்கொண்டாவது போவாள்.