செருப்புக்கடிக்கு இனி நீ ஆசிரியர் இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முட்டிவலி உள்பட எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, யார் மனதையும் நோகடிக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குச் சந்தேகம் முதல் இரண்டில் இல்லை. போனில் சொல்லாமல் எதற்கு இவ்வளவு தாளை வீணாக்குகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொல்லி முடித்துவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அவ்வளவுதான் காரணம்.

முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போன வாரம் ஒரு ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைச் சரிசெய்யப் போய், நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு வக்கீல்களை வெளியே எடுத்திருக்கிறார். 'உள்ள இருந்த வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க, கதவு திறந்ததும் பழைய கேஸை எடுத்துக்கிட்டாங்க' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். மாடி வீட்டு அக்கா உன்னை விசாரித்தாள். சோப்புத்தூள் பெட்டிகளுக்குப் படம் போடுகிற கம்பெனியில் இருக்கிறாள் என்றேன், 'அதுக்கா அவ்ளோ தூரம் போனா' என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்வி உண்டு, ஆனால் அவள் கேட்டபோது கோபம் வந்தது. எங்கள் காது பரிசோதனை நிலையத்தில் புது டாக்டர் வந்திருக்கிறார், ரொம்ப மெதுவாகப் பேசுகிறார், வருகிறவர்கள் பாதிப் பேர் அவர் பேசுவதைக் கேட்டே தங்களுக்குக் காது போய்விட்டது என்று பயந்துபோகிறார்கள். கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து ஒலிக் குமிழைத் திருகுவது இன்னும் நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊரை விட்டுப் போன பிறகும் உன் சிநேகிதர்கள் சனிக்கிழமை மாலையில் இங்கே வருவது நிற்கவில்லை என்பது உனக்குத் தெரியும். விரலில் கோந்து காயாத பிசின், நம் வாசல் நிலையில் தவறாமல் தலையை இடித்துக்கொள்கிற ஒட்டடை, வாயே திறக்காததால் வாயாடி என்று நீ பெயர் வைத்த டிரம்ஸ்காரப் பையன். நாங்கள் தூக்கிப்போட இருந்த ஜெராக்ஸ் மெஷின் உன் அறையில்தானே இருக்கிறது, அதனால் உங்கள் செருப்புக்கடி அங்கேதான் பிறக்கிறது. பத்திரிகை என்று நான் சொன்னால் பிசினுக்கு முகம் சுருங்கும், ஜீன் என்று சொல்ல வேண்டுமாம், கையால் ஒட்டி நகலெடுக்கிற சின்னப் புத்தகத்துக்கு அதுதான் பெயராம், பத்திரிகை என்றால் அதிகாரமாம். தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் என் கணக்கில் பத்திரிகைதான். மடிப்பு நிற்கக் கரண்டியின் முதுகால் தேய்ப்பது என் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒட்டடை சொல்கிறான், டீ வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வான்.

உங்கள் தலைமறைவுக் கலையுலகத்தையும் இப்போது நான் நன்றாகவே அறிவேன். மெத்தைக் கடையின் நிலவறையில் மாதம் ஒருமுறை கூடும் அந்தக் கூட்டத்தில் எனக்கென்று இடமே உண்டு, இடதுபக்கம், ஒற்றைக் கட்டில் மெத்தைகள் அடுக்கியிருக்கும் ஓரம். உலகத்தைப் புரட்டிப்போடப் போகிறவர்கள் அத்தனை பேரும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையில் சாய்ந்துகொண்டு, அசைந்தால் கிறீச்சிடுமே என்று மூச்சைப் பிடித்தபடி இருக்கிறார்கள். போன முறை ஒருவர் மேசை மின்விசிறியின் கம்பி வலையை வயலின் வில்லால் உரசிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, மெத்தைக்காரர் என் பக்கம் குனிந்து 'கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாயிடும்மா' என்றார். இன்னொரு பெண் தன் கவிதையைச் சுவரைப் பார்த்துக்கொண்டு படித்தாள், கேட்பவர்கள் முகம் தன்னைக் கறைப்படுத்துமாம். படித்து முடித்ததும் திரும்பி, எப்படி இருந்தது என்று நம் முகத்தைத்தான் பார்த்தாள். நான் எங்கள் நிலையத்திலிருந்து காதடைப்பான்களைக் கொண்டுபோய் வாசலில் வைக்கிறேன். முதலில் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள், இப்போது முதலில் தீர்வது அதுதான். அப்பாவும் ஒருமுறை பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தார், 'இப்படிக் கேட்டா நல்லாத்தான் இருக்கு' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கேலி செய்கிறேனே தவிர எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. நாள் முழுக்க மற்றவர்கள் காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பி, கேட்கிறதா கேட்கிறதா என்று காத்திருப்பவளுக்கு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அடித்துத் தள்ளுகிறவர்களைப் பார்ப்பது ஒரு விடுதலை. என் வயதில் வேறு யாரும் அங்கே இல்லை என்பதை முதல் நாள் கவனித்தேன், அதன்பின் மறந்துவிட்டேன். ஆகவே இனி நான் எழுதப் போவதை அங்கே நடப்பது புரியாத அம்மா எழுதுகிறாள் என்று ஒதுக்கிவிட முடியாது.

சென்ற இதழை எடுத்துக்கொள். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், ஆகவே பக்கங்கள் நாலு நாலாகத்தான் கூடும் குறையும், இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் நீ. ஐந்து தாள், இருபது பக்கம், எல்லாம் ஒட்டி முடிந்து மெஷினைச் சூடாக்கும் நேரத்தில் உன் கட்டுரை வந்தது, இரண்டு பக்கம். இன்னொரு தாள் சேர்த்தால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும், நிற்கட்டும், படிப்பவர்கள் ஏதாவது வரைந்துகொள்ளட்டும் என்றாள் பிசின். வெறும் பக்கம் சோம்பேறித்தனமாகத் தெரியும் என்று சொல்ல நீ ஒரு குரல் செய்தி அனுப்பினாய். அது முடிவதற்குள் நான் டீ போட்டு, எல்லோரும் குடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டேன். அவ்வளவு நீளத்தில் வேலைக்கு ஆனது ஒரே வரி, 'வாயாடியோட ரெண்டு பக்கத்தை அடுத்ததுல போட்டுக்கலாம், அது எங்கயும் ஓடிடாது'. அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். தலையை ஆட்டினான். பிசின் தன் கையாலேயே அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்தாள். நானும் கரண்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அவன் முதன்முதலாக வரைந்தது அது, தெரியுமா உனக்கு. அவன் அப்பா கொதிகலன் அறையில் காலமெல்லாம் வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர், என்னிடம்தான் பரிசோதனைக்கு வருகிறார். வீட்டில் இவன் மேசையில் தலையணையை அடுக்கி அடித்துப் பழகும்போது அவர் எதிரில் வந்து உட்கார்ந்து அதே மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வாராம். அதிர்வு கைக்குத் தெரிகிறதாம். ஒரு பக்கத்தில் அந்தக் கையை மட்டும் வரைந்திருந்தான், மறுபக்கத்தில் தலையணையும் இரண்டு குச்சியும். எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அதன் இடத்தில் என்ன வந்தது என்றால், உன் புது ஊரின் கலைக்கூட்டம் எவ்வளவு உண்மையானது, நம் ஊரில் நடப்பது எவ்வளவு குழந்தை விளையாட்டு என்று நீ எழுதியது. 'இங்கே யாருக்கும் யாரும் தலைவர் இல்லை' என்று ஒரு வரி அதில் வருகிறது. அதை அச்சேற்றுவதற்காக ஒருவனை வெளியே அனுப்பினாய், அதுவும் அத்தனை தூரத்திலிருந்து, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். கைநீளம் என்றால் இதுதான் கைநீளம்.

வெளியீட்டன்று அவன் அப்பா மெத்தைக் கடைக்கு வந்தார். தன் படம் வருகிறதென்று அவன் முன்பே சொல்லி வைத்திருக்கிறான், இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தேய்த்த சட்டை, ஷூவெல்லாம் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தார். செருப்புக்கடியை வாங்கி முன்னிருந்து பின்னாகப் புரட்டினார். பின்னிருந்து முன்னாகப் புரட்டினார். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒவ்வொரு தாளையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். காது கேட்காதவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாது, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத அந்த அமைதியில், டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்து 'எங்கடா நான்' என்று கேட்டார். நிலவறை முழுக்கக் கேட்டது. அவன் அடுத்த பாட்டை வாசித்தான், அதற்கடுத்ததையும் வாசித்தான். அதன்பின் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்துப் பிசினும் ஒட்டடையும் மட்டும் வந்தார்கள், ஒட்டடை நிலையில் இடித்துக்கொள்ளக்கூட மறந்துபோய்க் குனிந்தே வந்தான். இனிமேல் செருப்புக்கடியை நாங்களே முறை வைத்துச் செய்துகொள்கிறோம், அவள் ஆசிரியராக இருக்க வேண்டாம், இதை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள் ஆன்ட்டி என்றார்கள். பூனைக்கு மணி கட்ட என்னைத் தேடி வந்திருக்கிறார்கள், பூனையைப் பெற்றவள் என்பதால். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போலீசைத் திட்டிப் பாட்டு, வரியைத் திட்டிப் பாட்டு, கடவுளைத் திட்டி இரண்டு பாட்டு, இதையெல்லாம் மைக்கைக் கடித்துக்கொண்டு பாடுகிறவர்கள் நீங்கள், என் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயமா என்று கேட்டேன். 'அவ அழுதாக்கூடப் பரவாயில்ல ஆன்ட்டி, அவ விளக்குவா' என்றாள் பிசின். நானும் உன்னைப் பெற்று வளர்த்தவள்தானே, சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

உனக்குக் கோபம் வரும். நான் ஆரம்பித்தது, பெயர் நான் வைத்தது, அவர்களுக்கு முதுகெலும்பே நான்தான் என்பாய். எல்லாம் உண்மை. அது உண்மை என்பதால்தான் இவ்வளவு நாள் பொறுத்தார்கள். என் நிலையத்துக்கு வருகிறவர்களில் எனக்குக் காது மங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் அபூர்வம். வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை என்றுதான் சொல்வார்கள். நீயும் போனில் என்னிடம் அதையேதான் சொல்கிறாய், 'அவங்க யாரும் இப்பல்லாம் தெளிவா எதுவும் பேசறதில்லம்மா'. அவர்கள் பேசினார்கள், நீ கேட்கவில்லை. போனவளுக்குப் போன இடத்தில் ஒரு வாழ்க்கை வந்துவிட்டது, இருந்த இடத்திலும் அது அப்படியே உறைந்து நிற்க வேண்டும் என்றால் எப்படி. எனக்கும் அந்த ஆசை இருந்தது என்பதை மறைக்கவில்லை, உன் அறையை நீ விட்டுப்போன மாதிரியே வைத்திருந்தேன், உன் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் அவர்கள் தாளைப் பரப்புவார்கள். போன வாரம் அப்பாவும் நானும் கட்டிலைச் சுவரோரம் தள்ளி நடுவில் பெரிய மேசை போட்டுவிட்டோம். நீ வந்தால் படுக்க இடம் எப்போதும் உண்டு. உட்கார்ந்து உத்தரவு போட இடமில்லை.

அவர்களிடம் நான் ஒன்றே ஒன்று சொன்னேன், அவளிடம் சொல்வது இருக்கட்டும், முதலில் அவன் பக்கங்களைப் போடுங்கள் என்று. ஒரே தாள், நாலு பக்கம், அட்டை, கை, தலையணை, பின்னட்டை. ஆசிரியர் பெயர் கிடையாது. ஒட்டடை கொண்டுபோய் அவன் அப்பாவிடம் கொடுத்திருக்கிறான். அவர் நெடுநேரம் தன் கையைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி 'சுண்டுவிரல் இவ்ளோ கோணலா என்ன' என்று சண்டைக்குப் போனாராம், பிறகு கொதிகலன் அறை ஆட்களுக்குக் கொடுக்க இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். சென்ற சனிக்கிழமை வாயாடி வந்தான். குச்சிகளைக் கொண்டுவரவில்லை, இனி வாசிப்பானா என்று யாரும் கேட்கவும் இல்லை. ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கிளம்பும்போது என்னிடம் 'அவளுக்கு ஒண்ணு அனுப்பிட்டீங்களா' என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். தானே ஒன்றை எடுத்து மடித்து, தானே பின் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு தாளுக்குப் பின் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன்.

அடுத்த இதழுக்கு நீயும் எழுதலாம், எல்லோரையும் போல அனுப்பினால் எல்லோருடையதையும் போலப் படித்துப் பார்த்து, பிடித்தால் போடுவார்களாம், இதைச் சொல்லச் சொன்னது பிசின். அச்சான உன் கட்டுரையைப் பற்றி என் கருத்தையும் கேட்டார்கள், மூன்றாவது பத்தி முழுவதையும் எடுத்திருக்கலாம் என்றேன், அங்கே உள்ளவர்கள் பாட்டுக் கேட்கும்போது எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதற்கு இவ்வளவு இடம் வேண்டியதில்லை. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். இரவில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டே தூங்காதே, அம்மாவாகச் சொல்லவில்லை, குமிழைத் திருகுகிறவளாகச் சொல்கிறேன். உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் சேரட்டும், சேர்ந்தவர்கள் நிலைக்கட்டும். அப்பா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னார், நான் எழுதியதைப் படித்துவிட்டு அதை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். வாயாடியின் முகவரி அந்தப் பின்னட்டையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நீ என்னை அழைப்பாய், இதையெல்லாம் விளக்கத்தான் அழைப்பாய். போன் அடிக்கும், நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், அப்பாவையும் எடுக்க விட மாட்டேன். முதலில் அவனுக்கு எழுது. அவனுக்கு எழுதிவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அழை, முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

அன்புடன்,
உன் அம்மா