ஒருநாள் விட்டு ஒருநாள் கோணல்

குன்னம்
12-2-2004

அன்பு மகன் அறிவரசனுக்கு அப்பா எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், மஸ்கட்டில் வெயிலுக்கும் வேலைக்கும் நடுவே நீயும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி. உன் மகள் இலக்கியாவுக்கு மாறுகண் ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கண்ணில் தூசு படக் கூடாதென்று வெங்காயக் காட்டுக்கு விடுவதில்லை, அதற்கு அவள் போடும் கூப்பாடு தெருக்கோடி வரை கேட்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. பிள்ளையின் கண் ஒருநாள் மூக்குப் பக்கம் இழுத்துக்கொள்கிறது, மறுநாள் நேராகிவிடுகிறது என்று உன் பெண்டாட்டி புவனேஸ்வரி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். அவள் கெட்ட நேரம், பெரம்பலூருக்கு டாக்டரிடம் போன இரண்டு தடவையும் நேரான நாளாக அமைந்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். நீயோ போனில், என்னைய ஊருக்கு வரவைக்கக் கதை கட்டுறா என்றாய். மருமகள் அன்று முழுக்கச் சோறு தொடவில்லை. நானும் நம்பாதவன்தான். பொய்யைப் பிடிக்கிறேன் பார் என்று தினமும் பிள்ளையை எதிரே நிறுத்தி, கண் கோணினால் காலண்டர் தாளில் பெருக்கல் குறி போட்டு, கிழித்த தாளைக் கம்பியில் கோத்து வைத்தேன். இரண்டு மாதம் ஒருநாள் பெருக்கல், ஒருநாள் வெறுந்தாள், ஒருநாளும் தவறவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உன் அம்மா, மாறுகண்ணு யோகமுங்க, கத்தி வைக்கக் கூடாது என்றாள். யோகமும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருமா என்றேன். பெருக்கல் நாளாகப் பார்த்துத் திருச்சிக்குப் பஸ் ஏறினோம். டாக்டரம்மா கண்ணைப் பார்த்து, நான் கொண்டுபோன தாள்களையும் புரட்டிவிட்டு, இப்படி நாள் கணக்குல வர்ற மாறுகண்ணு ரொம்ப அபூர்வம், ஆபரேஷன் பண்ணாம உட்டா நிரந்தரமாக் கோணிடும், யாருங்க இதக் குறிச்சது என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கோணல் நாளுக்குச் சரிசெய்தால் நேரான நாளில் கண் வெளிப்பக்கம் ஓடிவிடாதா என்று கேட்டேன். அப்படி ஆகாதுங்க பெரியவரே என்றார், எனக்கு மனசு ஆறவில்லை. உள்பக்கத் தசையைத் தளர்த்தித் தைத்தார்கள். வீடு வந்த பிறகும் காலையில் பிள்ளை கண் விழிக்கும்வரை பாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டு நாளும் நேர்தான்டா, அய்யனார் புண்ணியம்!

அந்தப் பன்னிரண்டு நாளின் காலண்டர் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன், ஒன்றிலும் பெருக்கல் இல்லை. ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம், நான் சொன்னது தப்பு என்று புவனேஸ்வரிக்கு உன் கையால் எழுது. போனில் சொல்லித் தப்பிக்காதே. நான் அவளிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அழுதுகொண்டே சிரித்தாள்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துண்டு கட்டு. நீடூழி நன்றாயிரு. மறந்துவிடாதே, பதினோரு தாளை நீயே வைத்துக்கொள், ஒன்று மட்டும் இங்கே திரும்பி வரவேண்டும்.

உன் அப்பா,
செ. அரியமுத்து