இரண்டு ஸ்பூன் சத்துமாவு

அக். 22, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. மாடியில் போட்ட துணியெல்லாம் நனைந்தது.

இவருக்கு இன்று சஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு நாள், பாலும் பழமும் மட்டும். எல்லாம் என் கழுத்துக்காக. போன வருடம் கட்டியை எடுத்தார்கள். வரும் 31 மறு ஸ்கேன். அது திரும்ப வந்திருக்கக் கூடாதென்று வேண்டுதல். மாதா கோயிலுக்குப் போகிறவளுக்காக முருகனிடம். பாவம் மனுஷன்.

போன சஷ்டியில் மூன்றாம் நாளே கம்பெனியில் பிரஸ் மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தார். கையை உள்ளே விடுகிற மெஷின். 

வாங்க: வாழைப்பழம் 1 சீப்பு, பேரீச்சை, எலுமிச்சை, பால் கூடுதலாக 1 பாக்கெட்.

சத்துமாவு டப்பாவை எடுத்தேன். கேழ்வரகு, கோதுமை, பொட்டுக்கடலை வறுத்து அரைத்தது. இந்த விரதத்தில் தானியம் ஆகாது, தெரியும். தெரிந்தேதான் இரண்டு ஸ்பூன் பாலில் காய்ச்சி, வடிகட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு, பாதாம் பால் என்று நீட்டினேன். ஒரே மடக்கில் குடித்தார்.

அக். 24, வெள்ளி

தூறல். மண்ணூர்பேட்டை முனையில் கணுக்கால் தண்ணீர். செருப்பு அறுந்தது.

மூன்றாம் நாள். மத்தியானம் அவரிடமிருந்து போன், விழுந்துவிட்டாரோ என்று ஓடி எடுத்தேன். ரீசார்ஜ் செய்யச் சொல்லத்தான். குரலில் நல்ல தெம்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராத்திரிப் பாலில் மூன்று ஸ்பூன்.

அக். 25, சனி

வெயில். ஒருவழியாகத் துணி காய்ந்தது.

சாயங்காலம் இவர் தன் அண்ணனிடம் போனில்: "போன வருசம் மூணாம் நாளே உழுந்துட்டேன் இல்ல? இப்ப நாலு நாளா கல்லு மாதிரி நிக்கறேன். முருகன் புட்ச்சிகினு கீறான்ணா."

நான் அடுப்படியில், கையில் ஸ்பூனோடு. வேண்டுதலை நானே கெடுத்துவிட்டேனோ? ஸ்கேனில் ஏதாவது வந்தால்? வராவிட்டாலும், இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

டப்பாவைக் கொண்டுபோய் எதிரில் வைத்துச் சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"அப்போ நாலு நாளா நீதான் புட்ச்சிகினு இருந்தியா?"

கோபமா சிரிப்பா, தெரியவில்லை. அந்த நாலு நாளும் செல்லாதாம். ஆறு முடிந்த பிறகு இன்னும் நாலு நாள் இருக்கப் போகிறாராம். கெஞ்சினேன், அழுதேன், மசியவில்லை. பிடிவாதம் பிடித்த கழுதை. பேரம் பேசி வாங்கியது: மெஷினை விட்டு பேக்கிங் பக்கம் மாற்றிக் கேட்பது, பதினொரு மணிக்கு இளநீர், நடுநடுவே பேரீச்சை, வாழைப்பழம்.

அக். 28, செவ்வாய்

மூட்டம். காஸ் புக் செய்யணும்.

நேற்றோடு சூரசம்ஹாரம் முடிந்தது. இன்று ஊரே விரதம் முடித்துச் சாப்பிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா வடை, பாயசம் கொண்டுவந்தார். "இன்னுமா முடிக்கல?" என்று இவரைக் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"நடுவுல நாலு நாள் உட்டுப்போச்சுக்கா" என்றார் இவர். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. எழுதி வைக்கிறேன்.

சத்துமாவு டப்பா பரணில். வடையை நானும் தொடவில்லை, மூடி வைத்தேன், யாராவது வந்தால் கொடுக்கலாம். அடுப்பில் பால். ஏலக்காய்கூட இல்லை, வெறும் பால்.

இரண்டு டம்ளர்.