பச்சை எஞ்சினுக்குச் சந்தனம்

என்ர எஞ்சின்காரருக்கு,

ரயில் யாட்டிலை சாமான் பெட்டி கழுவின உங்களுக்கு நான் பகிடியாய் வைச்ச பேர் இது.

நேற்று ஆயுத பூசை. நீங்கள் போனபிறகு வந்த முதல் பூசை. போலந்து டிரைவர் மாரெக் வீட்டுக்கே வந்திட்டான். நீங்கள் பழக்கின தமிழிலையே "அக்கா, எஞ்சினுக்குப் பொட்டு வைக்க வாங்கோ" எண்டான்.

"ஏலாது தம்பி. புருசன் செத்தவள் வைக்கிறதில்லை."

"அது எஞ்சினுக்குத் தெரியாதே."

போனன். போலந்திலையிருந்து ஓடர் ஆத்துப் பாலந்தாண்டி எஞ்சின் ஜெர்மனிப் பக்கம் வந்து நிண்டது. ஆறு அச்சுக்கும் ஆறு மோட்டர், பாரம் இழுக்கவெண்டே போலந்துக்காரர் தாங்களே படம் கீறிச் செய்தது எண்டு நீங்கள் வாய் ஓயாமல் சொல்லுற அதே எஞ்சின். இருபது வருசமாய் நிலக்கரி இழுத்ததுக்கு இப்பதான் புதுப் பச்சை அடிச்சிருக்கினம். லைற்றுக்குக் கீழை மட்டும் ஒரு யூரோக் குத்திக்காசளவு இடம் பெயின்ற் படாமல் கிடந்தது.

"அண்ணையின்ர இடம். நான் பெயின்ற் அடிக்க விடேல்லை" எண்டான் மாரெக்.

நிண்ட ஜெர்மன்காரர் எல்லாருக்கும் "என்ர மனுசன் பொட்டு வைச்ச இடம்" எண்டு சொன்னன். பிறகு நானே சந்தனம் குழைச்சு வைச்சன். அத்தனை பெட்டியையும் இழுத்துக்கொண்டு அது பாலத்திலை ஏறுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டன்.

சனம் கதைக்கும், கதைக்கட்டும். இஞ்சேருங்கோ, உங்களுக்குச் சம்மதந்தானே?

உங்கட எஞ்சின்காரி