பிள்ளையார் தட்டில் வாடகை

அன்புள்ள அக்கா,

சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்கிறது. இரண்டு முறை சமையலறை வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வாடகை உதவி கேட்டுப் போன அலுவலகத்தில் இன்றும் அதே பேச்சுத்தான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் பரவாயில்லையாம், வீட்டுக்காரர் படிவத்தில் கையெழுத்து வைத்தால் போதுமாம். மொழிபெயர்க்க வந்த பெண், "காசை ஆரிட்டக் குடுக்கிறனீங்கள்?" என்று கேட்டாள். என்ன சொல்ல? கையில் தந்தால் நீங்கள் வாங்கமாட்டீர்கள். மாதம் பிறந்ததும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருக்கும் தட்டில் வைப்பேன். நீங்கள் விளக்கேற்றிவிட்டு வந்தபின் அது அங்கே இருக்காது. பிள்ளையாரையா சாட்சிக்குக் கூட்டிப்போவது?

"கூடப்பிறந்தவளிட்ட வாடகை வாங்கிறன் எண்டு நானே எழுதித் தாறதோ? சனம் என்ன சொல்லும்?" என்று நேற்றுக் கேட்டீர்கள். என்னைச் சும்மா வைத்துப் பார்ப்பதாகக் கோயிலில் நீங்கள் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இனியும் ஆட்டுவேன்.

என் வேலை நின்றபிறகு, இந்த மாதம் தட்டு வெறுமையாகக் கிடந்தது. மறுநாள் காலை தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "செவன் ஹில்ஸ் பக்கம் அறை ஒண்டு மலிவா இருக்காம்" என்று மட்டும் சொன்னீர்கள்.

படிவத்தை அதே தட்டில் வைத்திருக்கிறேன். வழக்கம்போல, நான் பார்க்காத நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மட்டும்,
உங்கள் வாடகைக்காரி