கொடியில் காய்ந்த புடவை

பிரமோதூத வருஷம், ஐப்பசி, வெள்ளி. மயிலாப்பூர்.

நாளைக் காலை அச்சுக்குப் போகவேண்டிய என் தொடர்கதையைச் சாயங்காலம் மனைவி கமலாவுக்கு வாசித்துக் காட்டினேன். கதையில் ஒரு பெண் மாய லோகத்துக்குள் நுழைகிறாள்; ஒரு சித்தர் நாலு பக்கம் அதன் விதிகளை விளக்குகிறார். கமலா கொட்டாவி விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் அசரவில்லை.

"நான் இந்த ஆத்துக்கு வந்தப்போ யார் விளக்கினா? மொத நாளே, குளிக்காம, கொடியில காஞ்ச மடிப்புடவையைத் தொட்டுட்டேன். உங்கம்மா போட்ட சத்தத்துலதான் இது வேற லோகம்னு புரிஞ்சுது."

"பயந்துட்டியா?"

"அன்னிக்கே ஓடியிருப்பேன். நீங்க தூணுக்குப் பின்னால நின்னு சிரிச்சேள். சரி, ஒரு மனுஷர் இருக்கார்னு இருந்துட்டேன்."

சித்தரின் நாலு பக்கத்தையும் அடித்துவிட்டேன். இப்போது அந்தப் பெண் தொடக்கூடாததைத் தொடுகிறாள். தூணுக்குப் பின்னால் ஒருவன் சிரிக்கிறான். அவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டால், கமலா தூங்குவதுபோல் நடிக்கிறாள்.